பால் மறக்கடிக்க ஒரு பயணம்

வெற்றிச்செல்வன் என்ற பெயரைக் கேட்டால் தேர்தலில் நிற்கப் போகிற ஆள் மாதிரி இருக்கும். ஆளுக்கு இரண்டரை வயது. இன்னும் அம்மாவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

குடிப்பதும் அடக்கமாக இல்லை. சரிதா சாமைக் கொல்லையில் களையெடுத்தால் பின்னாலிருந்து வந்து முந்தானையை இழுப்பான். ரேஷன் கடையில் அரிசிக்கு நின்றால் அங்கேயும் இழுப்பான். சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வான், அதற்குமேல் சோறு அவனுக்கு எதிரி. கீழே விழுந்தால் பால், நாய் குரைத்தால் பால், பெரியப்பா பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்காவிட்டால் பால். தடுப்பூசி போட வந்த நர்சம்மா அவனை எடை பார்த்துவிட்டு சரிதாவைத்தான் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைக்கு எட ஏறவே இல்ல. நீ துரும்பா இருக்கிற. உன் ஒடம்புல ரத்தமே கெடையாது, இன்னும் இன்னா பாலு? மொதல்ல நிறுத்து."

நிறுத்து என்று சொல்வது சுலபம். ஓரகத்தி மாணிக்கம்மாள் அந்த வேலையைக் கையில் எடுத்தாள். அவள் சரிதாவின் புருஷன் பார்த்திபனுடைய அண்ணன் மனைவி, பக்கத்து வீடு, மூன்று பிள்ளைகளுக்குப் பால் மறக்கடித்தவள். இந்த விஷயத்தில் மலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு நினைப்பு. வேப்பிலையை அரைத்து மார்பில் பூசச் சொன்னாள். வெற்றி வாயை வைத்தான், முகத்தைச் சுளித்தான், எழுந்து போனான். மாணிக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் பையன் ஒரு டம்ளரில் தண்ணீரோடு திரும்பி வந்து, தானே கழுவி, தானே துடைத்து, குடிக்க ஆரம்பித்தான். மறுநாள் கரியைப் பூசி, பூச்சி கடித்துவிட்டது என்று சரிதா அழுவது போல நடித்தாள். வெற்றி இரக்கத்தோடு "ஊ... ஊ..." என்று ஊதிவிட்டான். ஊதிவிட்டுக் குடித்தான்.

"இது இப்படியெல்லாம் அடங்காதுடி. நீ வூட்ட வுட்டுப் போனாத்தான் சரியாவும்," என்றாள் மாணிக்கம்மாள். "ரெண்டு ராத்திரி அவன் கண்ணுல படாத இரு. மூணாவது நாளு வா. நடுவுல போனும் பண்ணாத. உன் கொரலு காதுல வுழுந்துச்சின்னா அவ்ளோதான், மறுபடியும் மொதல்லருந்து."

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். தாய்க்காரி பிள்ளையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். சரிதாவுக்குத்தான் போக வீடில்லை. அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே மலையில் அரசாங்க விடுதிப் பள்ளியில் வளர்ந்தவள். சேர்த்துவிட்ட அன்று அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். ஆறு வயதுப் பெண் அதை அழுகையாகப் புரிந்துகொள்ளவில்லை, கோபமாகத்தான் புரிந்துகொண்டாள். லீவுக்கு வீடு போனபோது அம்மாவிடம் போகாமல் வாசலிலேயே நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிக்கும் முன் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதனால் பிள்ளையை விட்டுப் போ என்று மாணிக்கம்மாள் சொன்னதும் சரிதாவுக்கு அந்த வாசல்தான் கண்முன் வந்தது. பால் மறப்பது சரி, தன்னையும் மறந்துவிட்டால் என்ன செய்வது?

அப்போதுதான் பார்த்திபன் வாயைத் திறந்தான்.

"அம்மா வூடு இல்லன்னா இன்னா? நான் கூட்டினு போறேன்."

பார்த்திபனுக்குப் போர் வண்டியில் வேலை. ஆந்திரா, சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். வருஷத்தில் இரண்டு முறை ஊருக்கு வருவான், வந்த சூட்டோடு போவான். இந்த முறை அவன் கிளம்ப வேண்டிய நாளும், சரிதா பிள்ளையிடம் திரும்ப வேண்டிய மூன்றாம் நாளும் ஒன்றாக இருந்தன. ரயில் காட்பாடியில். மதியப் பேருந்தைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும்.

அவன் கணக்கு வேறு. பிள்ளை பிறந்ததிலிருந்து பெண்டாட்டியோடு தனியாக ஒரு வாய் டீ குடித்ததில்லை. பாயில் நடுவில் வெற்றி படுப்பான். நடுவில்தான் படுப்பான், ஆனால் முழுப் பாயும் அவனுடையது, பார்த்திபன் தரையில். தூக்கப் போனால் பையன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "மாமா வாணாம்" என்பான். அப்பா என்று சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. போன தடவை பார்த்திபன் பேருந்து ஏறியபோது, பையன் மார்பிலிருந்து வாயை எடுக்காமல் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அவ்வளவுதான் வழியனுப்பு.

கிளம்பும் நாள் சரிதா பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் போட்டுக்கொண்டாள். இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நிதானமாகக் குடிப்பான், தலையைத் தடவிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தாள். ஆட்டுக்குட்டி கத்தியது. வெற்றி பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினான். சரிதா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மாணிக்கம்மாள் வந்து அவள் தோளைப் பிடித்து எழுப்பி, கொல்லை வழியாக அனுப்பிவிட்டாள்.

போன இடம் எங்கே தெரியுமா? ஜமுனாமரத்தூர். அவர்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. சர்டிபிகேட் வாங்கவும் சந்தைக்குப் புளி கொண்டுபோகவும் சரிதா பத்து வயதிலிருந்து போய்வருகிற இடம். பார்த்திபனின் கூட்டாளி மோகன் அங்கே சென்னைக்காரர் ஒருவரின் காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறான். வார நாளில் யாரும் வரமாட்டார்கள், ரெண்டு நாள் இருந்துக்கோ என்று சாவியைக் கொடுத்திருந்தான். சொந்த மலைக்கே சுற்றுலா போன குடும்பம் அநேகமாக இவர்களாகத்தான் இருக்கும்.

அறையில் ஆள் உயரக் கண்ணாடி, சுவிட்சைத் தட்டினால் வெந்நீர், ஏறினால் உள்ளே அமுங்குகிற மெத்தை. பார்த்திபன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து காட்டினான். ஜன்னலில் தெரிந்தது அவர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான்.

"எப்பிடிக் கீது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள். பிறகு, "இந்நேரம் சோறு துன்னிருப்பானா?"

பார்த்திபன் ஜன்னலைச் சாத்தினான்.

பரோட்டா வாங்கி வந்தான். பிய்த்து இலையின் ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டாகச் சேர்த்து வைத்துவிட்டு, பிறகுதான் ஊட்டுவதற்கு ஆளில்லை என்று சரிதா உணர்ந்தாள். அவன் அதைப் பார்த்தான். சிரிக்கவைக்க என்னென்னவோ சொன்னான். ராய்ப்பூர் பக்கம் சமையல்காரன் ரசத்தில் சர்க்கரை போட்ட கதை, போர் போடும் இடத்தில் மாடு வந்து இவன் லுங்கியைத் தின்ற கதை. சரிதா சிரித்தாள். நிஜமாகவே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், அங்கே பிள்ளை அழுதுகொண்டிருக்க இங்கே நமக்கு என்ன சிரிப்பு என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மெத்தையில் தூக்கம் பிடிக்கவில்லை. பழக்கதோஷம், இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டே படுத்திருந்தாள்.

விடிந்தபோது நெஞ்சு கல்லாகக் கட்டியிருந்தது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. மாணிக்கம்மாள் இதற்கும் வழி சொல்லி அனுப்பியிருந்தாள். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டு, பால் வற்றிவிடும் என்று. சரிதாவுக்கு அது தெரியாததல்ல. வெற்றி பிறந்தபோது பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவளுடைய அம்மா பந்து பந்தாகப் பூ வாங்கி வந்து மகளுக்குக் கட்டிவிட்டதைச் சரிதா பார்த்திருக்கிறாள். வார்டு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த வாசனையை உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக நெஞ்சில் கட்டிக்கொள்ள சரிதாவுக்கு மனசு வரவில்லை. கட்டமாட்டேன் என்று முடிவோடு இருந்தாள்.

காலையில் பார்த்திபன் ஏரியில் படகுக்குக் கூட்டிப்போனான். மிதி படகு. சரிதா மிதித்தாள், நெஞ்சு வலித்தது, சொல்லவில்லை. தண்ணீர் நடுவில் காற்று நன்றாகத்தான் இருந்தது. அவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "இங்க பாரு, சிரி," என்றான். அவள் சிரிக்கப் போன நேரத்தில் பக்கத்துப் படகிலிருந்து ஒரு கைக்குழந்தை வீரிட்டது.

யாருடைய பிள்ளையோ. உடம்புக்கு அது தெரியவில்லை. சுரீரென்று பால் இறங்கியது. ரவிக்கை நனைந்து, முந்தானை நனைந்து, சரிதா இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்தப் படகிலிருந்த பெண் பிள்ளையை மாராப்புக்குள் வாங்கிக்கொண்டாள், அழுகை நின்றது. சரிதாவுக்குத்தான் நிற்கவில்லை.

"வூட்டுக்குப் போலாங்க," என்றாள். "என்னால ஆவாது. அவன் அங்க ஏங்கிப் போயிருப்பான்."

"இன்னும் ஒரு ராத்திரிதான் சரிதா."

"ஒரு ராத்திரியும் வாணாம். இப்பவே போலாம்."

"இப்பப் போனா நேத்து அவன் அழுததெல்லாம் வீணு. நர்சம்மா சொன்னதும் வீணு." அதோடு நிறுத்தியிருந்தால் சண்டை வந்திருக்காது. நிறுத்தவில்லை. "ரெண்டு நாளு என் கூட இருக்க உன்னால முடியல இல்ல? நேத்து வந்ததுலருந்து அவன் துன்னானா, தூங்கினானா. நான் துன்னனான்னு ஒரு வாட்டி கேட்டியா?"

"உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள் சரிதா. "வந்து ரெண்டு நாளு இருந்துட்டுப் போறவங்களுக்கு இன்னா தெரியும்?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். மீதித் தூரத்தை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு மிதித்தார்கள். அவளை அறையில் விட்டுவிட்டு, கடைத்தெருவுக்குப் போய்ட்டு வர்றேன் என்று பார்த்திபன் போய்விட்டான்.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில்தான் திரும்பி வந்தான். கையில் வாழையிலைப் பொட்டலம். செங்கத்திலிருந்து வருகிற பூக்காரம்மாவிடம் வாங்கியது, நாலு முழம், குண்டு மல்லி. கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "வச்சிக்கோ," என்றான்.

சரிதா பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த வாசனை வந்தது. வார்டு ஞாபகம் வந்தது, பக்கத்துக் கட்டில் ஞாபகம் வந்தது. கூடவே வெற்றி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த ஞாபகமும் வந்தது. இந்தக் கல்லு நெஞ்சோடு நாளைக்குப் போனால், பிள்ளை முந்தானையை இழுத்த உடனே கொடுத்துவிடுவாள். மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியாது. எல்லாம் வீணாகிவிடும் என்று அவன் சொன்னது சரிதான். பூவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பார்த்திபன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தான், பாவம். கதவு திறந்தபோது அவள் தலையில் பூ இல்லை. கையிலும் இல்லை.

"புடிக்கலையா?" என்றான். "என் மேல கோவம் இருந்தா என்ன திட்டு. பூவ எதுக்குத் தூக்கிப் போட்ட?"

"தூக்கிப் போடல." சரிதா முந்தானையை விலக்கிக் காட்டினாள். நெஞ்சைச் சுற்றி காட்டேஜில் கிடந்த பழைய துண்டு, அதற்குள் நாலு முழம் மல்லி. பின்பக்கம் முடிச்சுப் போடக் கை எட்டாமல் துணி நழுவிக்கொண்டிருந்தது. "இத வச்சாப் பாலு வத்திரும். அக்கா சொன்னாங்க. கொஞ்சம் இறுக்கிக் கட்டி வுடுங்க, எனக்கு எட்டல."

பார்த்திபன் எழுந்தான். அவள் பின்னால் போய் நின்றான். எத்தனையோ அடி ஆழத்துக்கு இரும்புக் குழாய் இறக்குகிற கை, ஒரு துண்டின் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியது.

"வலிக்குதா?"

"இன்னும் இறுக்குங்க."

இறுக்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிச்சைப் போட்டுவிட்டும் அவன் கையை எடுக்கவில்லை. அவள் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னான்.

"ரெண்டு நாளுக்கே உனக்கு இப்பிடி இருக்குது. எனக்கு வருசம் பூரா இருக்குது சரிதா. உனக்காவது பாலா வந்து துணிய நனைக்குது, பார்த்தவங்க பாவம்ங்கறாங்க. எனக்கு ஒண்ணுமே வராது. வண்டிக்குக் கீழ படுத்துனு போனுல அவன் போட்டாவத் தடவினு இருப்பேன். அவன் என்ன மாமான்றான்."

சரிதா திரும்பினாள். இவனுக்கு என்ன தெரியும் என்று காலையில் கேட்டவள் அவள்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவருக்கும் நடுவில் பூ நசுங்கியது. வலித்தது, அவள் விலகவில்லை. அன்றைக்கு மெத்தையில் நடுவில் இடம் விடாமல் படுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மாணிக்கம்மாள் பாதி வழியிலேயே எதிரே வந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முதல் ராத்திரி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனான், ரெண்டாவது ராத்திரி கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தூங்கிவிட்டான், காலையில் களியைத் தானே உருட்டித் தின்றான்.

சரிதா காதில் வாங்கியது பாதிதான். ஓடினாள். வெற்றி வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

"வெற்றி! அம்மா வந்துட்டேன்டா."

பார்த்தான். உதடு பிதுங்கியது. ஆனால் வரவில்லை. எழுந்து போய், பின்னாலேயே வந்து சேர்ந்த மாணிக்கம்மாளின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கையை நீட்ட நீட்ட அவன் இன்னும் உள்ளே போனான். சரிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாள் கழித்துத் தன் அம்மா அன்றைக்கு என்ன பட்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

பார்த்திபன் பையனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாசலில் குந்தி, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் நட்டு, "டர்ர்ர்ர்..." என்று போர் வண்டி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றினான். மாணிக்கம்மாளின் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. பார்த்திபன் குழிக்குள் தண்ணீரை ஊற்றி, "தண்ணி வந்துடுச்சி!" என்று கத்தினான். இரண்டு கண்ணும் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் வெற்றி பக்கத்தில் வந்து குந்தினான். அவனும் ஒரு குச்சியை நட்டான். "டர்ர்ர்," என்றான். வாசல் முழுக்கக் குழி. இருவருக்கும் முழங்கால் வரை சேறு.

அம்மாமேல் இருந்த கோபத்துக்கு அவன் அப்பாவைப் பிடித்துக்கொண்டான் என்று மாணிக்கம்மாள் சொன்னாள். காரணம் என்னவோ இருக்கட்டும். பார்த்திபன் தோளில் ஏறிக்கொண்டு புளியமரம் வரை போனான், வந்தான், மறுபடியும் போகச் சொன்னான். சாப்பாட்டை அப்பா கையால் வாங்கிக்கொண்டான். "அப்பா, டர்ர்," என்றான். பார்த்திபன் சோற்றுக் கையோடு சரிதாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குத் தாங்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று யார் சொல்வது என்று இருவரும் இருந்தார்கள்.

கடைசியில் மாணிக்கம்மாள்தான் சொன்னாள்.

ரோட்டில் பேருந்து வந்து நின்றதும், பையனைத் தோளிலிருந்து இறக்க முடியவில்லை. தலைமுடியைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்து சரிதா வாங்கிக்கொண்டாள். பார்த்திபன் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஏறினான். கதவு சாத்தியதும் வெற்றி "அப்பா" என்று கத்தினான். அவள் இடுப்பிலிருந்து நழுவிப் பேருந்துக்குப் பின்னால் ஓடப் பார்த்தான். அவள் தூக்கிப் பிடித்தாள். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான். சரிதாவின் கை தன்னையறியாமல் ரவிக்கைக் கொக்கிக்குப் போனது. இரண்டரை வருஷமாக எந்த அழுகைக்கும் அவளிடம் அந்த ஒரு மருந்துதான் இருந்தது. கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சமாதானம் சொல்லாமல், தானும் அழுதாள்.

பேருந்து வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அழுவுறானா?" என்றான் பார்த்திபன்.

"ஆமாங்க. அப்பா அப்பான்னு கத்தறான். அடக்க முடியல."

அந்தப் பக்கம் பேருந்து இரைச்சல். அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னான்:

"அடக்காத. போன அவன் வாய்கிட்ட வை. கொஞ்ச நேரம் கேக்கறேன்."